ராசம்மாளின் நாலரை அடி

ஒண்டிக்கடை முக்கில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆன்லைன் பதிவு, பிரின்ட், லேமினேஷன் எல்லாம் உண்டு. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் மலைக்கு வருகிற டூரிஸ்டுகள் அதைப் படிப்பதில்லை. காரை நடுரோட்டில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "மேடம், லேடீஸ் சீட் வியூ பாயிண்ட் எப்படிப் போகணும்?" என்று என்னைத்தான் கேட்பார்கள். பதிமூன்று வருடமாக வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர்கூட ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்ததில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மே மாதத்தில் பத்து நாள் அவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும்.

அதனால் போன தை மாதம் ராசம்மாள் அக்கா கடைக்கு வந்து இங்கிருந்து வெளியே போக வழி கேட்டபோது, நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏனுங் கண்ணு, பெங்களூர்ப் பக்கம் பெரிய விளையாட்டுப் பார்க் ஒண்ணு இருக்குதாமே. அதுக்கு இருவத்தோரு டிக்கெட் போடோணும்."

"எந்த ஸ்கூலுக்குங்கக்கா?"

"ஸ்கூலுக்கா? எங்களுக்குத்தான் கண்ணு. எங்க கேங் பொம்பளைங்க இருவத்தோரு பேருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. மேஜைமேல் இரண்டு கையையும் வைத்து விளக்கினார். "வருசா வருசம் அவங்க வந்து நம்மளப் பாத்துட்டுப் போறாங்க. நாம காப்பி பறிச்சா போட்டோ, தண்ணி தூக்குனா போட்டோ, சும்மா நின்னாலும் போட்டோ. நாம ஒருக்கா கீழ போயி, அவங்க எப்படி விளையாடறாங்கன்னு போட்டோ புடிச்சுட்டு வரலாம்னு."

ராசம்மாளைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கொட்டச்சேடு என்கிற மலைக் கிராமத்துக்காரர். வயது நாற்பத்தொன்பது. ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் சாமையும் ஆரஞ்சு மரங்களும். வீட்டுக்காரர் பொன்னுவேல் அதிகம் பேசாதவர். பேச வேண்டியதையெல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு அவசியமும் இல்லை. அக்கா பக்கத்து எஸ்டேட்டில் பெண்கள் கேங்குக்கு மேஸ்திரி. மலை முழுக்கத் தேடினாலும் பெண் மேஸ்திரி விரல் விட்டு எண்ணும்படிதான் கிடைப்பார்கள். அதிலும் மிளகுக்கு ஏறுகிற மேஸ்திரி இவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, கணுவில் கால் வைத்து, முப்பது அடிக்கு மேலே போய் இடுப்புச் சாக்கில் மிளகு பறித்துப் போடுவார். கீழே ஒருத்தி ஏணியின் அடியைப் பிடித்திருப்பாள். மேலே போனவள் இறங்கி மண்ணில் கால் வைக்கிறவரை கீழே இருப்பவள் கையை எடுக்கக் கூடாது. இதற்கு ஏணிச் சோடி என்று பெயர். அக்காவுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே சோடிதான்: லூர்துசெல்வி. நெட்டை, வாய் நீளம் அதைவிட அதிகம்.

ராசம்மாளோ குள்ளம். என் கடை மேஜைக்கு மேல் தோளும் தலையும் மட்டும்தான் தெரியும். ஆனால் அவர் முன்னால் யாரும் அதைக் கேலியாகச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அவரே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். காரணம் இருக்கிறது.

காப்பிச் செடியை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும், பறிக்க முடியாது. அதனால் நாலரை அடியில் தலையை வெட்டி நிறுத்துவார்கள். அக்கா இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது, எஸ்டேட்டில் வேலையும் கணக்கும் பார்க்கிற ரைட்டர் தேவசிகாமணி அங்கே புதிது. அளவுகோலைக் கரையான் தின்றுவிட்டது. மறுநாள் மேலிடத்து ஆள் பார்வைக்கு வருகிறார். ரைட்டர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஏற்கெனவே அளந்து வெட்டிய ஒரு செடிக்குக் கீழ்ப்பக்கத் தடத்தில் இந்தப் பெண்ணை நிற்கச் சொன்னாராம். செடியின் உச்சியும் அவர் உச்சந்தலையும் ஒரே மட்டம். "ராசம்மா நாலரை அடி. இனிமே கோலு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வரிசை வரிசையாக இவர் முன்னால் நடப்பார், தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் பின்னால் வருகிறவர்கள் வெட்டுவார்கள். இன்றைக்கு அந்த எஸ்டேட்டில் நாற்பது ஏக்கர் செடியும் அவர் அளவு.

"யாரு வேணாலும் வந்து பாக்கட்டும் கண்ணு. நாப்பது ஏக்கரும் என்ற தலைக்குச் சரியா நிக்கும்," என்பார். அவரைவிட உயரமான எத்தனையோ பேர் கடைக்கு வருகிறார்கள். தன் உயரத்தை இப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஆளை நான் வேறு பார்த்ததில்லை.

டிக்கெட்டுக்கு வருகிறேன். அக்கா அந்த வாரம் தினமும் சாயங்காலம் கடைக்கு வந்தார். முதலில் நாள் குறிக்க வேண்டும். உலகமெல்லாம் மே மாதத்தில் டூர் போகும். எங்களுக்கு மே மாதம்தான் மூச்சு விட நேரமில்லாத மாதம். பறிப்பு தை கடைசியில் முடியும், மிளகு மாசியில் முடியும். பங்குனியில் ஒரு புதன்கிழமை என்று முடிவானது. புதன்கிழமை கூட்டம் இருக்காது என்று நான்தான் சொன்னேன். இருபத்தோரு பேரும் ஒரே நாளில் லீவா என்று ரைட்டர் குதித்தாராம். "ஒரு ஞாயித்துக்கெழம வந்து அந்த வேலையக் கழிச்சுடறோம். மொகத்த அப்படி வெக்காதீங்க, உங்களுக்கும் ஒரு போட்டோ கொண்டாந்து தரோம்," என்று அக்கா சொன்னதும் அடங்கிவிட்டார்.

குழந்தைகள் வேண்டாம், ஆண்கள் வேண்டாம். இது முதல் நாளே தீர்மானம். "அவங்களக் கூட்டிட்டுப் போனா அங்கயும் நாமதான் தண்ணி பாட்டில் தூக்கோணும்," என்றாள் லூர்துசெல்வி. வேனில் எந்தச் சோடி எந்த சீட்டில் (ஒற்றைப்படை என்பதால் ஒரு சோடியில் மட்டும் மூன்று பேர்) என்று அக்கா பழைய மஸ்டர் தாளின், அதாவது வேலைக்கு வந்தவர்கள் பேர் எழுதும் தாளின், பின்பக்கம் எழுதச் சொன்னார். சோடி மாறக் கூடாது, கூட்டத்தில் ஒருத்தி கண்ணில் படவில்லை என்றால் அவள் சோடியைத்தான் கேட்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இங்கிலீஷ் போர்டு படிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் சேர்த்தார்கள். ஆக, இருபத்திரண்டு. எனக்குச் சோடி இல்லை என்றதும், நீ டிரைவரோடு போய் உட்கார் என்று லூர்துசெல்வி சிரித்தாள். டிரைவருக்கு அறுபது வயது.

மூன்றாம் நாள் நான் கம்ப்யூட்டரில் அந்தப் பார்க்கின் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தண்ணீர்ச் சறுக்கு, குடை ராட்டினம், எல்லாவற்றையும் அக்கா பேசாமல் பார்த்துக்கொண்டு வந்தார். ரோலர் கோஸ்டர் வந்தது. வண்டி தண்டவாளத்தில் சாய்வாக மெதுவாக மேலே ஏறுகிறது, உச்சியில் ஒரு நொடி நிற்கிறது, அப்புறம் தலைகீழாக விழுகிறது. வண்டிக்குள் சீட்டுகள் இரண்டிரண்டாக இருந்தன. அக்கா, "மறுக்கா போடு," என்றார். போட்டேன். "உச்சி வரைக்கும் போட்டு நிறுத்து," என்றார். நிறுத்தினேன்.

"எவ்வளவு ஒசரம் கண்ணு?"

"நூறு அடிக்கு மேல போட்டிருக்குங்கக்கா."

அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இருவத்தொம்பது வருசமா நானேதான் ஏறிட்டிருக்கறேன். ஒவ்வொரு கணுவும் என்ற காலுதான். ஒருக்கா நான் சும்மா உக்காந்துக்கோணும், அது என்னைய ஏத்திட்டுப் போகோணும்," என்றார்.

அக்கா வாயிலிருந்து எனக்கு இது வேணும் என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கு அந்த வண்டியில் இடம் கிடைக்க வேண்டும் என்று அந்த நிமிடத்திலிருந்து எனக்கும் ஆசையாகிவிட்டது.

வினை என் வாயால் வந்தது. நாலாம் நாள், பணம் கட்டுவதற்கு முன் விதிமுறைகளைப் படித்துவிடலாம் என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். வெளிச் சாப்பாடு கூடாது. சரி, அங்கேயே சாப்பிடுவோம். ரைடுகளில் சேலை கூடாது. அதற்கு அரை மணி நேரம் விவாதம். கடைசியில் வயசுப் பெண்கள் இருக்கிற வீடுகளில் சுடிதார் கடன் வாங்குவதாக முடிவு. அடுத்த வரியையும் அதே வேகத்தில் படித்துவிட்டேன். "ரோலர் கோஸ்டரில் ஏற உயரம் குறைந்தது நூற்று நாற்பது சென்டிமீட்டர்."

"நாலரை அடின்னா எவ்வளவு?" என்று அக்கா கேட்டார்.

கணக்கு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கால்குலேட்டரை எடுத்தேன். தட்டினேன். மறுபடி தட்டினேன்.

"நூத்தி முப்பத்தேழுங்கக்கா."

கடைக்குள் ஆறேழு பெண்கள் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். அக்கா தாளை மடித்தார். "சரி, மிச்சத்தப் படி," என்றார். நான் மிச்சத்தைப் படித்தேன். என்ன படித்தேன் என்று எனக்கே தெரியாது. என் நாக்கை அறுத்துப் போடலாமா என்று இருந்தது.

அவர் போனதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஹீல்ஸ் செருப்பு வாங்கலாம் என்றாள் ஒருத்தி. உச்சியில் கொண்டை போட்டு உள்ளே துணியைச் சுருட்டி வைக்கலாம் என்றாள் இன்னொருத்தி. மூன்று சென்டிமீட்டர்தானே, ஒரு கொண்டை போதாதா! மறுநாள் கடையில் லூர்துசெல்வி இதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

"ஏன் செல்வி, கூடையில அடியில எலைய வெச்சு மேல பழத்த ரொப்பிக் கொண்டாந்தாளே ஒருத்தி, அவள நான் என்ன பண்ணுனேன்?"

"திருப்பி அனுப்புனீங்க."

"இப்ப என்ற தலையில துணிய வெச்சு ரொப்பச் சொல்றயா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். டிராயரில் இருந்து டேப்பை எடுத்து, "எதுக்குங்கக்கா வம்பு, சுவத்துல நில்லுங்க, ஒருக்கா சரியா அளந்துடலாம்," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் டேப் தானாகவே சுருண்டு உள்ளே போனது. "என்ற அளவு எனக்குத் தெரியாதா? நாப்பது ஏக்கர் செடி நிக்குது. அது பொய்யின்னு சொல்றயா? ரைட்டர் கண்ணு பொய்யா?" என்றார். அதற்குமேல் யார் அளப்பது?

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு டேப்பில் என்ன கௌரவம்? ஆனால் ராத்திரி சாதம் வடிக்கும்போது யோசித்துப் பார்த்தால் விஷயம் புரிந்தது. நாலரை அடி என்பது அவருக்கு உயரம் இல்லை. இருபத்தொன்பது வருட வேலைக்குக் கிடைத்த பெயர். அதில் ஒரு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் நாற்பது ஏக்கரும் தப்பாகிவிடும். கோஸ்டரை விட்டுவிடலாம், அதை எப்படி விடுவது?

அதன் பிறகு அக்கா டூர் ஏற்பாட்டைப் பிசாசு மாதிரி செய்தார். வேன் டிரைவரிடம் டயரைக் காட்டச் சொன்னார். கொண்டை ஊசி வளைவில் வாந்தி வராதவர்களுக்குக்கூட எலுமிச்சம்பழம் எடுத்து வைத்தார். ஆனால் கோஸ்டர் சீட்டு வரிசையை எழுதும்போது முதல் வரிசையில் தன் பெயர் இருந்த இடத்தில் மேகலா என்று என் பெயரை எழுதச் சொன்னார். லூர்துசெல்விக்குப் பக்கத்து சீட்.

"அக்கா கீழ நின்னா நானும் கீழதான்," என்றாள் லூர்துசெல்வி. "ஏணியில ஏர்றவங்க இல்லாம புடிக்கறவளுக்கு மேல என்ன வேலை?"

இவள் ஒருத்தி சொன்னதோடு நிற்கவில்லை. கேங்குக்கு ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாக அதில் எல்லோரும் பேசித் தீர்த்துவிட்டார்கள்: மேஸ்திரி ஏறாத வண்டியில் யாருமே ஏறுவதில்லை. சின்ன ராட்டினங்களைப் பார்த்துவிட்டு, தண்ணீரில் நின்றுவிட்டு வந்துவிடலாம். ஒருத்தி இன்னும் மேலே போய், அப்படியென்றால் எதற்கு அவ்வளவு தூரம், மேட்டூர் அணைக்குப் போனால் போதாதா என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பேர் சரி என்று கை குவித்த படம் போட்டிருக்கிறார்கள். டூரே நழுவிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மஸ்டரில் நடந்ததை லூர்துசெல்வி வந்து சொன்னாள். பேர் கூப்பிட்டு முடித்ததும் அக்கா ஒரு கல்லின் மேல் ஏறி நின்றாராம். "எனக்காகப் பாவப்படறவ எவளாச்சும் இருந்தா இப்பவே கேங்க உட்டுப் போயிருங்க. நான் ஏறுன ஒசர மரத்துல நீங்க யாரும் ஏறுனதில்ல, அதுக்காக நான் ஏறாம நின்னனா? இருவது பேரும் அந்த வண்டியில ஏறோணும். எறங்கி வந்து ஒவ்வொருத்தியும் எனக்கு என்ன பாத்தேன்னு சொல்லோணும். மேட்டூருன்னு எவ சொன்னது?" மேட்டூர் என்று சொன்னவள் மரத்துக்குப் பின்னால் போய்விட்டாளாம்.

அன்று சாயங்காலம் அக்கா கடைக்கு வந்து, "அந்தப் பார்க்குக்குப் போன் போடு," என்றார். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் நல்ல தமிழில் பேசினாள்.

"ஏனுங்க, அந்த நூத்தி நாப்பது எதுக்குங்க வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டார் அக்கா.

"சீட்ல மேல இருந்து ஒரு கம்பி இறங்கி தோள்மேல லாக் ஆகும்மா. உயரம் கம்மியா இருந்தா தோள்ல சரியா உக்காராது. ஆள் நழுவிடலாம்."

"வயசானவங்களுக்கும் அதே சட்டந்தானுங்களா?"

"வயசு கணக்கில்லைம்மா. உயரம்தான்."

"முப்பதடி ஏணியில தெனமும் ஏறறவங்களா இருந்தா?"

"யாரா இருந்தாலும் முடியாதும்மா. மன்னிச்சுக்குங்க."

"எதுக்குங்க மன்னிப்பு? சட்டம் நொம்ப சரிங்க. யாரு வந்து கெஞ்சுனாலும் மாத்தாதீங்க," என்று சொல்லி அக்கா போனை வைக்கச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "இடுப்புல கயிறு கட்டாம ஒருத்தியவும் நான் ஏணியில ஏத்துனதில்ல கண்ணு. அந்தப் புள்ளை சொல்றது நியாயம். டிக்கெட்டப் போடு," என்றார்.

போட்டேன். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. வழி கேட்க வந்த ஒரு கார்க்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு கேட்காமலே போய்விட்டார்.

பங்குனிப் புதன்கிழமை வந்தது. விடியும்போது சேலத்தைத் தாண்டியிருந்தோம். வேனில் இருபத்தோரு சுடிதார். பூப்போட்டது, ஜரிகை வைத்தது, கை இறுக்கம், கால் நீளம் என்று ஒன்றும் யாருக்கும் பொருந்தவில்லை. அக்கா பச்சை நிறத்தில் ஒன்று போட்டு, மேலே மிளகுக்குப் போகும்போது போடுகிற முழுக்கைச் சட்டையையும் போட்டிருந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் தலை எண்ணினார். ஓசூர் தாண்டியதும், "எங்க பாத்தாலும் ஒரே சமமா கெடக்குதே கண்ணு, மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பார்க்கில் காலையெல்லாம் அவர்தான் முன்னால். எந்தச் சோடியும் பிரியவில்லை. தண்ணீர்ச் சறுக்கில் நாலு தடவை போய் வந்தார். ராட்டினத்தில் லூர்துசெல்வி மாதாவே என்று அலறியபோது இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோஸ்டர் பக்கம் நடக்க ஆரம்பித்ததும் எல்லோரும் பின்தங்கினார்கள். வரிசை தொடங்குகிற இடத்தில் அக்கா நின்றார். "பையெல்லாம் இங்க குடுங்க," என்று இருபத்தோரு பைகளையும் வாங்கித் தோளிலும் கையிலும் மாட்டிக்கொண்டார். அந்த உருவத்தைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

"போங்க. கண்ணத் தொறந்து பாக்கோணும். மூடிட்டு வந்து பொய் சொன்னா எனக்குத் தெரியும்," என்றார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அளவுக் கம்பமும் அதன் அருகில் சீருடை போட்ட ஒரு தமிழ்ப் பெண்ணும். சந்தேகமாக இருக்கிற ஒன்றிரண்டு பேரை மட்டும் கம்பத்தில் நிறுத்தி, மேலிருந்து ஒரு தட்டைப் பலகையை இறக்கிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் கூட்டம் உள்ளே போக, பைகளோடு தனியாக நிற்கிற அக்காவைப் பார்த்தாள்.

"நீங்க வரலையாம்மா? பை வைக்க லாக்கர் இருக்கே."

"நான் நூத்தி நாப்பது இல்லீங்க."

"யார் சொன்னா? வந்து நில்லுங்க, பாக்கலாம்."

"எனக்குத் தெரியும் சாமி. மூணு கம்மி."

"பாத்தா அப்படித் தெரியலையே," என்றாள் அந்தப் பெண். அவள் வேலை அது, தினமும் ஆயிரம் தலையைப் பார்க்கிறவள். வரிசையில் நின்றிருந்த லூர்துசெல்வி திரும்பி வந்தாள். அக்காவின் தோளில் இருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தன் தோளில் மாட்டினாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. பெங்களூர்க்காரர்கள், கல்லூரிப் பையன்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் முன்னால் குறைவு என்று ஆகப்போகிறதே என்று நினைத்தேன்.

அக்கா கம்பத்தைப் பார்த்தார். செருப்பை அவராகவே கழற்றினார். கொண்டையையும் அவிழ்த்துப் பின்னால் தள்ளிவிட்டார். ஒரு மில்லிமீட்டர்கூடக் கடன் வேண்டாம் என்பது போல. கம்பத்தில் முதுகை வைத்து நின்று நேராகப் பார்த்தார். அந்தப் பெண் பலகையை இறக்கினாள். அது அக்காவின் தலையைத் தொட்டு நின்றது.

"நூத்தி நாப்பத்திரண்டு. போங்கம்மா, தாராளமாப் போகலாம்."

நாங்கள் கத்தியதில் அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். அக்கா மட்டும் நகரவில்லை.

"உங்க கோலு தப்புங்க," என்றார்.

"இல்லம்மா, தினமும் செக் பண்ணுவாங்க."

"அப்ப என்ற நாப்பது ஏக்கர் செடி தப்பா?" குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவ்வளவு ஆசைப்பட்ட சீட் எட்டு அடி தூரத்தில் இருக்கிறது, அவர் ஏறமாட்டேன் என்கிறார். ஏறினால் செடி பொய்.

லூர்துசெல்விதான் பைகளோடு முன்னால் வந்தாள். "அக்கா, ரைட்டர் உங்கள எங்க நிக்க வெச்சாரு?"

"செடிகிட்டத்தான்."

"செடிக்கு மேலாண்டயா, கீழாண்டயா?"

"கீழாண்டதான். தடம் கீழதானே போகுது."

"செடி மேல இருக்குது, நீங்க சரிவுல ரெண்டு அங்குலம் எறங்கி நிக்கறீங்க. உங்க தலையும் செடித் தலையும் ஒரே மட்டம்." அவள் கையைத் தட்டையாக வைத்துக் காட்டினாள். "செடி நாலரை அடி. அப்ப நீங்க எவ்வளவு?"

அக்கா தன் காலைப் பார்த்தார். சிமென்ட் தரை, மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. காலை ஒரு தடவை அழுத்தி மிதித்துப் பார்த்தார். இருபத்தொன்பது வருடமாக மலையே அவரிடமிருந்து இரண்டு அங்குலத்தைப் பிடித்து வைத்திருந்திருக்கிறது. எங்கள் ஊரில் எவருக்கும் அது தோன்றவில்லை. சாய்ந்த தரையில் நின்று பழகியவர்களுக்கு எப்படித் தோன்றும்? டேப்பைக் கையில் எடுத்த எனக்கே தோன்றவில்லை.

"அப்ப செடி நாலரைதான்," என்றார் மெதுவாக.

"செடி நாலரைதானுங்கக்கா."

"நாப்பது ஏக்கரும் சரிதான்."

"நாப்பது ஏக்கரும் சரிதான். நீங்கதான் கூட."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் போட்டோ எடுத்திருக்க வேண்டும், கை ஓடவில்லை. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பெண், "சீக்கிரம் வாங்கம்மா, வண்டி ரெடி," என்றாள். வண்டியில் முதல் வரிசை காலியாக இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, எங்கள் கேங்கையும் அதற்குப் பின்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற அத்தனை வெளியூர்க்காரர்களையும் பார்த்தார். முதுகைக் கம்பத்தில் மறுபடி ஒட்டி வைத்து நிமிர்ந்து நின்றுகொண்டார்.

"இன்னொருக்கா அளங்க கண்ணு," என்றார். "பின்னால நிக்கறவங்க பாக்கல."